ஸ்வான் லேக்: எந்தப் பதிவைப் பார்ப்பது, எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி இதுதான்: ‘ஸ்வான் லேக்’ பாலேயின் இரண்டு பதிவுகளை ஒருவர் வாங்கிப் பார்த்திருக்கிறார். ஒன்று 2006இல் பதிவான ரஷ்யாவின் மரீன்ஸ்கி தியேட்டர் தயாரிப்பு. அதில் காதலர்கள் பிழைத்து ஒன்றுசேர்கிறார்கள். இன்னொன்று 2009இல் பதிவான லண்டன் ராயல் பாலே தயாரிப்பு. அதில் இருவரும் ஏரியில் விழுந்து உயிரை விடுகிறார்கள். நடனமும் பல இடங்களில் மாறுகிறது. இதில் எது அசல், இன்னும் ஒன்றை மட்டும் வாங்குவதென்றால் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்.

முதல் பாதிக்குப் பதில் எளிது. இரண்டுமே முழு அசல் இல்லை. அப்படி ஒன்று யாரிடமும் இல்லை. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி இந்த இசையை 1875-76இல் எழுதினார். 1877 மார்ச்சில் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் ஜூலியஸ் ரைசிங்கரின் நடன அமைப்பில் முதன்முதலாக மேடையேறியது. அந்த நடனம் இன்று மிஞ்சவில்லை. இப்போது உலகம் முழுக்க ஆடப்படுவதற்கு வேர், 1895 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் மரீன்ஸ்கியில் நடந்த மறுஆக்கம். அப்போது சைக்கோவ்ஸ்கி உயிரோடு இல்லை. 1893 நவம்பரிலேயே காலமாகிவிட்டார். அவருடைய தம்பி மொடெஸ்ட் கதையைத் திருத்திக் கொடுத்தார். ரிக்கார்டோ டிரிகோ என்ற இத்தாலிய இசையமைப்பாளர் இசையை வெட்டி, இடம் மாற்றி, புதிதாகச் சில துண்டுகளும் சேர்த்தார். அரண்மனைக் காட்சிகளுக்கு மரியஸ் பெட்டிபாவும், ஏரிக்கரைக் காட்சிகளுக்கு அவருடைய உதவியாளர் லெவ் இவானோவும் நடனம் அமைத்தார்கள். ஆக, நாம் ‘கிளாசிக்’ என்று கொண்டாடுவதே ஒரு மறுதயாரிப்புதான்.

அதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. மரீன்ஸ்கியில் வேலை பார்த்த நிக்கோலாய் செர்கேயெவ், புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டுக் கிளம்பியபோது, ஸ்டெபானோவ் முறையில் எழுதப்பட்ட நடனக் குறிப்புகளையும் எடுத்துச் சென்றார். (அந்தக் கட்டுகள் இன்று அமெரிக்காவின் ஹார்வர்டில் இருக்கின்றன.) அவற்றை வைத்துத்தான் 1934இல் லண்டனில் முழு ‘ஸ்வான் லேக்’கையும் மேடையேற்றினார். ராயல் பாலேயின் மரபு அங்கிருந்து வருவது. ரஷ்யாவிலோ ஒவ்வொரு தலைமுறையும் துணிந்து கை வைத்தது. மாஸ்கோவில் கோர்ஸ்கி, லெனின்கிராடில் (பீட்டர்ஸ்பர்கின் சோவியத் காலப் பெயர்) வாகனோவா, 1950இல் கான்ஸ்தந்தீன் செர்கேயெவ், 1969இல் கிரிகோரோவிச் என்று அந்த வரிசை நீளும். அதனால் சில விஷயங்களில் பீட்டர்ஸ்பர்கைவிட லண்டன் பழைய பீட்டர்ஸ்பர்குக்கு நெருக்கம். ஆடும் முறையில், அந்த முதுகு, அந்தக் கை, அந்த மூச்சு இவற்றில், மரீன்ஸ்கிக்கு நிகர் மரீன்ஸ்கிதான்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இளவரசன் ஸீக்ஃப்ரீட் ஏரிக்கரையில் ஒடெட்டைச் சந்திக்கிறான். மந்திரவாதி ராட்பார்ட் அவளைப் பகலில் அன்னமாக்கி வைத்திருக்கிறான். இதுவரை யாரையும் காதலிக்காத ஒருவன் சத்தியம் செய்து, அதை மீறாமல் இருந்தால் அவளுக்கு விடுதலை. மறுநாள் அரண்மனை விருந்துக்கு ராட்பார்ட் தன் மகள் ஒடிலை ஒடெட்டின் சாயலில் அழைத்து வருகிறான். இளவரசன் ஏமாந்து அவளிடம் சத்தியம் செய்துவிடுகிறான். கடைசிக் காட்சியில் மறுபடி ஏரிக்கரை. ஒடெட், ஒடில் இருவரையும் பெரும்பாலும் ஒரே நடனக்காரிதான் ஆடுவார்.

என் கருத்தை இங்கேயே சொல்கிறேன்: ஒரு ‘ஸ்வான் லேக்’ தயாரிப்பை அதன் கடைசிக் காட்சியை வைத்துத்தான் எடைபோட வேண்டும். பலரும் மூன்றாவது காட்சியில் வரும் ஒடிலின் 32 சுழற்சிகளோடு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இணையத்தில் வெட்டிப் போடப்படும் துண்டுகளிலும் அதுதான் அதிகம். ஆனால் அந்த நடனம் எல்லாத் தயாரிப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. முதல் ஏரிக்கரைக் காட்சியிலும் இவானோவின் அமைப்பைப் பெரிதாகத் தொட எவரும் துணிவதில்லை. மன்னிப்பு, இழப்பு, விடுதலை என்று இந்தக் கதை எதைப் பற்றியது என்று தயாரிப்பாளர் நினைக்கிறாரோ அதை அவர் சொல்லியே ஆகவேண்டிய இடம் கடைசி இருபது நிமிடம். அங்கே ஒளிய இடமில்லை.

சரி, முதல் ஏரிக்கரைக் காட்சியிலிருந்தே வருவோம். அன்னங்கள் ஒவ்வொன்றாக வந்து, வளைந்து வளைந்து செல்லும் வரிசையாக மேடையை நிரப்பும் இடத்தில் கேமரா என்ன செய்கிறது என்று பாருங்கள். இவானோவ் கோடுகளையும் கட்டங்களையும் வைத்து உணர்ச்சி சொன்னவர். ஒடெட்டும் இளவரசனும் நடுவில் ஆடும்போது சுற்றி நிற்கும் அன்னங்களின் ஒரே ஒரு கையசைவுகூட அந்தக் காதலின் ஒரு பகுதி. அப்போது கேமரா நாயகியின் முகத்துக்குத் தாவினால் பாதி நடனம் போயிற்று. நான்கு குட்டி அன்னங்கள் கை கோத்துக்கொண்டு ஆடுவது இன்னும் தெளிவான சோதனை. பதினாறு முறை பூனைபோல் துள்ளித் துள்ளிப் பக்கவாட்டில் நகர்வார்கள். அந்த நேரத்தில் கால் தெரியாத படப்பிடிப்பு எதற்கு? 2006 மரீன்ஸ்கி பதிவை நான் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு காரணம், அந்தக் குழுவின் ஒழுங்கு. இன்னொரு காரணம், ஒடெட்டாக ஆடும் உல்யானா லோபாத்கினா. அவருடைய அதாஜியோ, அதாவது இளவரசனோடு ஆடும் மெதுவான காதல் நடனம், மிக மெதுவாகப் போகும். இசை நடத்தும் வலேரி கெர்கியெவ் அவருக்காக இசைக்குழுவை ஏறக்குறைய நிறுத்தியே வைத்திருக்கிறார். இவ்வளவு மெதுவாக ஆடினால் இசை கலைந்துபோகிறது என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு கையை மடக்கி விரிப்பதற்குள் ஒரு பெண்ணின் பயம் எப்படி நம்பிக்கையாக மாறுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு பதிவு எனக்குத் தெரியாது.

இதே காட்சியில் லண்டன் பதிவில் இருக்கிற, மரீன்ஸ்கியில் இல்லாத ஒன்று உண்டு: அபிநயம். பழைய அமைப்பில் ஒடெட் தன் கதையைக் கைகளாலேயே சொல்வாள். அதோ அந்த ஏரி, என் அம்மாவின் கண்ணீரால் ஆனது. ஒரு கொடியவன் என்னை அன்னமாக்கினான். ஒருவன் என்னைக் காதலித்து, சத்தியம் செய்து, மணந்தால் நான் அன்னமாக இருக்க மாட்டேன் என்று. சோவியத் காலத் தயாரிப்புகள் இதைப் பழம்பாணி என்று ஒதுக்கி, அந்த இடத்தையும் நடனமாக்கிவிட்டன. பரதநாட்டியத்தில் பதங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த இழப்பு உடனே உறைக்கும். ஆண்டனி டவல் 1987இல் ராயல் பாலேக்கு அமைத்த தயாரிப்பு 1895 குறிப்புகளை ஆராய்ந்து செய்தது. அதனால் அபிநயம் முழுசாக இருக்கிறது. 2009 பதிவில் மரியனேலா நுன்யெஸ் அதைச் செய்யும்போது சத்தியம் என்பதன் கனம் அங்கேயே புரிந்துவிடுகிறது. மூன்றாவது காட்சியில் இளவரசன் அதே சத்திய முத்திரைக்காகக் கையை உயர்த்தும்போது நெஞ்சு பதறுவதற்குக் காரணம் இந்த விதைதான். மரீன்ஸ்கி வடிவத்தில் அந்த விதை இல்லை.

1895இல் இளவரசனாக வந்த பாவெல் கெர்ட்டுக்கு அப்போது 50 வயது. நாயகியைத் தூக்கித் தாங்கும் வேலையில் பாதியை நண்பன் பென்னோ பார்த்துக்கொண்டான். அந்தக் காதல் நடனம் அப்போது மூவர் நடனம்! 2016இல் ஜூரிக்கில் அலெக்ஸெய் ரட்மான்ஸ்கி பழைய குறிப்புகளைக் கொண்டு 1895 வடிவத்தை மீட்டெடுத்தபோது பென்னோவையும் அந்த நடனத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தார். கால்களைக் காதுவரை தூக்குவதில்லை, வேகம் கூடுதல், அன்னங்களின் கூந்தல் அவிழ்ந்து தொங்குகிறது. ‘அசல்’ வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றைய மேடையில் மிக நெருங்கிப்போகக்கூடியது அதுதான். ஆனால் அதைப் பார்த்த பிறகு, நாம் அசல் என்று நினைத்துக்கொண்டிருந்த பல அழகுகள் இருபதாம் நூற்றாண்டு சேர்த்தவை என்பதும் தெரிந்துவிடும். ஒடிலின் கறுப்பு உடையும் அப்படித்தான். 1895இல் அவள் கறுப்பில் வரவில்லை.

அந்த 32 சுழற்சிகளைப் பற்றி. ஃபுவெத்தே என்று சொல்வார்கள். ஒரு காலின் நுனியில் நின்று, மற்றக் காலைச் சாட்டைபோல் வீசிச் சுழல்வது. 1895இல் ஒடெட்-ஒடில் ஆடிய இத்தாலியர் பியரினா லெக்னானியின் தனித்திறமை அது. அதற்கு முன்பே 1893இல் ‘சின்ட்ரெல்லா’வில் செய்து பீட்டர்ஸ்பர்கை அசத்தியிருந்தார், இங்கேயும் சேர்த்துக்கொண்டார்கள். அதாவது கதையின் தேவைக்காகப் பிறந்தது இல்லை. போல்ஷோயின் மாயா ப்ளிஸெத்ஸ்கயா இதற்குப் பதிலாக மேடையைச் சுற்றி வட்டமடித்துச் சுழன்று போவார். அவரைவிடப் பெரிய ஒடில் யார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 1957இல் எடுத்த வண்ணப் படம் இருக்கிறது, சுருக்கப்பட்ட வடிவம்தான். இருந்தாலும் அவருடைய கைகளுக்காகப் பார்க்க வேண்டும். எலும்பே இல்லாத கைகள். எண்ணிக்கை முக்கியமில்லை, அந்தச் சுழற்சி இளவரசனை மயக்குகிறதா என்பதுதான் முக்கியம்.

அந்த ‘கறுப்பு அன்ன’ இரட்டையர் நடனத்தின் இசையும் முதலில் அங்கே இருந்தது இல்லை. சைக்கோவ்ஸ்கி அதை முதல் காட்சிக்கு எழுதினார். டிரிகோதான் மூன்றாவது காட்சிக்கு மாற்றினார். இந்த மாற்றத்தை ஏற்காமல், 1953இல் மாஸ்கோவின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி-நெமிரோவிச்-தான்சென்கோ தியேட்டரில் விளாதிமிர் புர்மைஸ்டர் மூல இசை வரிசைக்கு நெருங்கிப் போய் ஒரு தயாரிப்பு செய்தார். தொடக்கத்திலேயே ஒடெட் அன்னமாக மாற்றப்படுவதைக் காட்டிவிடுவார். அரண்மனை விருந்தில் ஸ்பானிய, ஹங்கேரிய நடனங்களை ஆட வருபவர்கள் எல்லாரும் ராட்பார்ட்டின் ஆட்கள். இளவரசனைச் சுற்றி விரிக்கும் வலை. மற்றத் தயாரிப்புகளில் கதை நின்றுபோய் கச்சேரி நடக்கிற மாதிரி இருக்கும் அந்தப் பதினைந்து நிமிடம் இங்கே கதையின் உச்சமாகிவிடுகிறது. எனக்குத் தெரிந்து மூன்றாவது காட்சிக்குக் கிடைத்த சிறந்த தீர்வு இதுவே. மிலானின் லா ஸ்காலாவில் ஸ்வெத்லானா ஸகாரோவாவும் ரொபர்த்தோ பொல்லேயும் ஆடிய பதிவு கிடைக்கிறது.

இனி கடைசிக் காட்சி. 1895இல் ஒடெட் ஏரியில் குதிக்கிறாள், இளவரசனும் பின்னாலேயே உயிரை விடுகிறான். அந்தத் தியாகத்தால் ராட்பார்ட்டின் சக்தி அழிகிறது. கடைசியில் காதலர்கள் மறுஉலகில் சேர்ந்திருக்கும் தோற்றம். டவலின் தயாரிப்பு இதைப் பின்பற்றுகிறது. சோவியத் மேடைக்கு மறுஉலகம் ஒத்துவரவில்லை. கான்ஸ்தந்தீன் செர்கேயெவின் 1950 வடிவத்தில் இளவரசன் ராட்பார்ட்டோடு சண்டையிட்டு அவன் இறக்கையைப் பிய்த்து எறிகிறான், விடிகிறது, இருவரும் வாழ்கிறார்கள். மரீன்ஸ்கியில் இன்றுவரை அதுதான். புர்மைஸ்டரிலும் ஒடெட் மனித உருவுக்குத் திரும்புகிறாள். யூரி கிரிகோரோவிச் 1969இல் போல்ஷோய்க்குத் துயர முடிவோடுதான் திட்டமிட்டார். கலாசார அதிகாரிகள் விடவில்லை. 2001இல் திருத்தி அமைத்தபோது தான் நினைத்த முடிவை வைத்தார். இளவரசன் தனியே நிற்கிறான். அவர் தயாரிப்பில் ராட்பார்ட் வெறும் மந்திரவாதி இல்லை, இளவரசனின் நிழல்போல் அவன் அசைவுகளையே பின்னால் நின்று ஆடும் ஒருவன். 2015இல் ஸகாரோவாவும் டெனிஸ் ரோத்கினும் ஆடிய பதிவில் அந்த நிழல் நடனம் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அதே தயாரிப்பில் அபிநயம் இல்லை, ஏரி இல்லை, கதை சொல்வதில் அவசரம். எனக்கு மனசு முழுசாக ஒட்டவில்லை.

இதில் எது சரி என்பதை இசையிடம்தான் கேட்க வேண்டும். கடைசி நிமிடங்களில் புயல் வீசுகிறது. இந்த பாலே முழுக்க சோகமான மைனரில் வந்த அன்னத்தின் மெட்டு, முழு இசைக்குழுவின் பலத்தோடு பிரகாசமான மேஜருக்கு மாறுகிறது. வெற்றிதான் ஒலிக்கிறது. ஆனால் என்ன விலை கொடுத்துக் கிடைத்த வெற்றி? முன்னால் வந்த புயலையும் கேட்டவர்களுக்கு ஒரு இறக்கையைப் பிய்த்துப் போட்டுக் கிடைத்ததாக அதை ஏற்க முடியாது. அதனால்தான் லோபாத்கினாவை இவ்வளவு நேசித்தும், மரீன்ஸ்கியின் கடைசி ஐந்து நிமிடத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு முன் வரும் பகுதியோ அபூர்வமானது: வெள்ளை அன்னங்களுக்கு நடுவே கறுப்பு அன்னங்கள் கலந்து ஆடும் வால்ஸ், பிறகு இருவரும் பிரியும் மெல்லிய நடனம். இந்த இரண்டு இசையும் சைக்கோவ்ஸ்கி இந்த பாலேக்கு எழுதியவை இல்லை. அவருடைய கடைசிக்கால பியானோத் துண்டுகளை டிரிகோ இசைக்குழுவுக்கு எழுதிச் சேர்த்தவை. சேர்க்கை என்று தெரிந்தும் குறை சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவு பொருந்திப்போகிறது.

நடனக்கலைஞர் ருடால்ஃப் நுரயெவ் இந்தக் கதையையே இளவரசனுடையதாக மாற்றினார். 1964இல் வியன்னாவில் முதல் தயாரிப்பு. 1966இல் மார்கட் ஃபான்டெய்னோடு அதைப் படமாக்கினார்கள். அப்போது அவருக்கு 28, ஃபான்டெய்னுக்கு 47. முடிவில் இளவரசன் வெள்ளத்தில் மூழ்கிச் சாகிறான். பழைய ஒளியமைப்பு, மங்கிய வண்ணம் என்றாலும் அந்த இருவருக்கு இடையிலான கவனத்துக்காகப் பார்க்கலாம். 1984இல் பாரிஸ் ஓபராவுக்குச் செய்தது இன்னும் ஆழமானது. இளவரசனின் ஆசிரியனும் ராட்பார்ட்டும் ஒரே ஆள். கல்யாணத்திலும் அரசாட்சியிலும் விருப்பமில்லாத ஒரு இளைஞன் தானே கற்பனை செய்துகொண்ட ஏரி அது. முதல் காட்சிக் கனவில் கண்டதுபோலவே கடைசியில் ராட்பார்ட் ஒடெட்டைத் தூக்கிக்கொண்டு பறந்து போகிறான், இளவரசன் விழுந்து கிடக்கிறான். 2005இல் பதிவானதில் அன்யெஸ் லெதெஸ்தூ, ஹோஸே மர்த்தினெஸ், ராட்பார்ட்டாக கார்ல் பாகெத். ஆண்கள் மட்டும் ஆடும் பொலொனேஸ் என்ற குழு நடனம் ஒன்றுக்காகவே வாங்கலாம். ஒடெட் கொஞ்சம் தூரத்தில் நின்றுவிடுகிறாள் என்பது குறைதான். கனவில் வருபவள் அப்படித்தான் இருப்பாள் என்றும் சொல்லலாம்.

ராயல் பாலே 2018இல் லியம் ஸ்கார்லெட்டின் புதிய தயாரிப்புக்கு மாறியது. ராட்பார்ட் இங்கே அரசியின் ஆலோசகன், அரியணைமேல் கண் வைத்தவன். ஜான் மக்ஃபார்லனின் அரங்கமைப்பு கண்ணைப் பறிக்கும். டவலின் நீளப் பாவாடைகளுக்குப் பதில் அன்னங்களுக்கு மறுபடி டூட்டூ என்ற குட்டையான, விறைப்பான பாவாடை. முடிவில் ஒடெட் மட்டும் சாகிறாள். மனித உருவுக்குத் திரும்பிய அவள் உடலைக் கையில் ஏந்தி இளவரசன் நிற்கிறான். நுன்யெஸும் வாதிம் முந்தகிரோவும் ஆடியிருக்கிறார்கள். இன்று முதன்முதலாகப் பார்ப்பவருக்குப் படத்தின் தெளிவு, கதையின் தெளிவு, நடனத்தின் தரம் மூன்றும் சேர்ந்து கிடைப்பது இதில்தான்.

ஆக, இரண்டாம் பாதிக்குப் பதில். கதைக்குள் போக வேண்டுமென்றால் ஸ்கார்லெட்டின் 2018 பதிவை வாங்குங்கள். கைவசம் இருக்கும் இரண்டையும் விற்றுவிட வேண்டாம். மரீன்ஸ்கியை ஏரிக்கரைக்காகவும், டவலை அபிநயத்துக்காகவும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக ஒன்று என்றால் பாரிஸ் 2005. மாத்யூ பார்ன் 1995இல் ஆண்களையே அன்னங்களாக ஆட வைத்த தயாரிப்பு தனி உலகம். ஆடம் கூப்பரோடு அதன் பதிவும் உண்டு. இவானோவின் நடனம் அதில் இல்லை. ஆனால் கடைசிக் காட்சியில் அன்னங்களே தங்கள் தலைவன்மேல் பாயும் இடத்தில், அந்தப் புயல் இசைக்கு இவ்வளவு நேர்மையான பதில் வேறெங்கும் கிடைக்கவில்லை. நான்கைந்து பாரம்பரியத் தயாரிப்புகளைப் பார்த்த பிறகு அதற்குப் போங்கள்.

‘சாகும் அன்னம்’ என்ற நடனத்தைத் தேடி இங்கே வருபவர்களும் இருக்கிறார்கள். நம் ருக்மிணி தேவிக்குத் தூண்டுகோலாக இருந்த அன்னா பாவ்லோவா புகழ்பெறச் செய்த அந்தச் சிறு நடனம் இதில் வராது. அதன் இசை ஸான்-ஸான்ஸ் எழுதியது, நடன அமைப்பு மிகயில் ஃபோகின்.

அப்புறம், இசைத்தட்டு மட்டும் வேண்டுமென்றால். மேடையின் வெட்டுகள் இல்லாமல் சைக்கோவ்ஸ்கி எழுதியதை முழுக்கக் கேட்க, 1976இல் ஆந்த்ரே ப்ரெவின் லண்டன் சிம்ஃபனியோடு செய்த பதிவு நல்லது. இன்னும் காரமாக வேண்டுமென்றால் ரொஷ்தெஸ்த்வென்ஸ்கியின் 1969 மாஸ்கோ பதிவு. வேகம் உங்களைத் திடுக்கிட வைக்கும், ஏனென்றால் அங்கே யாரும் காலைத் தூக்கி நிறுத்த வேண்டியதில்லை. ஒடெட்டின் அதாஜியோவில் வயலினும் செல்லோவும் பேசி முடித்ததும், மேடையில் அமைதியாக முடிகிற இடத்தில், திடீரென்று ஒரு துரித பகுதி வரும். பிழை இல்லை, சைக்கோவ்ஸ்கி எழுதியது அதுதான், டிரிகோ எடுத்துவிட்டார். மாறாக, ஒடிலின் தனி நடன இசையையும் கடைசிக் காட்சியின் அந்த வால்ஸையும் அங்கே தேடினால் கிடைக்காது. அவை வேண்டுமென்றால் கெர்கியெவ் மரீன்ஸ்கி இசைக்குழுவோடு 1895 வடிவத்தில் பதிவு செய்ததைக் கேளுங்கள்.